அப்பா பெயரில் ஒரு வண்டி

ஆயுத பூஜை நெருங்கும் நாட்களில் திருநெல்வேலி, திண்டுக்கல், ஈரோடு என்று எந்த ஊர் ஷோரூமுக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். வாசலில் புது வண்டி ஒன்று துணி போர்த்தி நிற்கும். சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் மகன், முந்தின நாள் இரவு பஸ் ஏறி வந்தவர், உள்ளே கடைசிக் கையெழுத்துகளைப் போட்டுக்கொண்டிருப்பார். "சும்மா வாங்கப்பா, ஒரு வேலை இருக்கு" என்று அழைத்து வரப்பட்ட அப்பா, எதுவும் புரியாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பார். துணியை அவரையே விலக்கச் சொல்வார்கள். அட்டையில் செய்த பெரிய சாவி கைக்கு வரும். மகளோ மருமகளோ செல்போனில் படம் பிடிப்பார்கள். ஹேண்டில்பாரில் மாலை, டேங்க்கில் சந்தனம் குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சை. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலில் சொல்வது அநேகமாக இதுதான்: "இப்ப எதுக்குடா இவ்வளவு செலவு?"

தமிழ்க் குடும்பங்களில் இது புதுப் பழக்கம். முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவையும் அப்பாவுக்கு வேட்டி சட்டையும் எடுப்பது பழைய வழக்கம். வண்டி அப்படியில்லை. கல்லூரிக்குப் போகும் பையனுக்கு அப்பா வாங்கிக் கொடுப்பார். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மாமனார் வாங்கிக் கொடுப்பார். 2007-ல் வந்த 'பொல்லாதவன்' படத்தில் தனுஷ் உயிராக நினைக்கும் பல்சர்கூட அப்பா கொடுத்த பணத்தில் வந்ததுதான். பெரியவர்களிடமிருந்து சின்னவர்களுக்கு வந்துகொண்டிருந்த ஒரு பொருள் இப்போது திசை மாறி மேலே போகத் தொடங்கியிருக்கிறது. ஒரு தலைமுறை படித்து, வேலைக்குப் போய், கையில் நாலு காசு சேர்ந்ததும் அப்பாவை நினைத்துப் பார்க்கிறது. இதை முழு மனதோடு வரவேற்கிறேன்.

வரவேற்பதால்தான் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. மாலை வாடிய பிறகு அந்த வண்டியை யார் ஓட்டுகிறார்கள்? சில வீடுகளில் அது போர்டிகோவில் கவர் போட்டு நிற்கிறது. அப்பா வழக்கம்போல டிவிஎஸ் எக்ஸெல் மொபெட்டில் தோட்டத்துக்குப் போகிறார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்கு வரும் மகன் கவரைக் கழற்றி ஒரு சுற்று போய்வந்து மறுபடி மூடிவைக்கிறார். ஆர்.சி.யைப் பார்த்தால் பெயரும் மகனுடையதாகவே இருக்கிறது. ஆசை ஆசையாக வாங்கிய வண்டி அப்பாவுடையதாக ஆகவே இல்லை.

காத்திருந்த தலைமுறை

இன்று அறுபதைத் தாண்டிய அப்பாக்களுக்கு வண்டி என்றால் என்னவாக இருந்தது என்பது இப்போது வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. பணத்தைக் கட்டினால் சாயங்காலமே சாவி கிடைக்கும் காலம் அல்ல அது. 1972-ல் வந்த பஜாஜ் சேத்தக்குக்குப் பதிந்து வைத்துவிட்டு வருடக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். அலாட்மென்ட் வந்துவிட்டது என்ற செய்தி தெருவுக்கே தெரியும். அதற்கும் வழியில்லாதவர்களுக்கு சைக்கிள். சைக்கிளுக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவில் இருந்த பள்ளத்தை மூடியது 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50. இரண்டு பேர் உட்காரலாம், சுமை ஏற்றலாம், எண்ணெய் கலந்த பெட்ரோல் கொஞ்சம் இருந்தால் போதும். பால்காரர், காய்கறி வியாபாரி, தறிக்காரர், வாத்தியார், விவசாயி எல்லாரையும் அது தூக்கிக்கொண்டு போனது. அதன் வழிவந்த எக்ஸெல் இன்றும் புல்லுக்கட்டோடும் தேங்காய் மூட்டையோடும் நம் கிராமத்துச் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆசை மட்டும் வேறு வண்டிகள் மேல் இருந்தது. மைசூரில் செய்த ஜாவா, யெஸ்டி. 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன யமஹா ஆர்எக்ஸ் 100. எல்லாவற்றுக்கும் மேலே புல்லட்.

புல்லட் மீது தமிழ்நாட்டுக்குத் தனி உரிமை உண்டு. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோத்துத் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் தொழிற்சாலை திருவொற்றியூரில் அமைந்தது. ராணுவத்துக்கும் போலீஸுக்கும் வண்டி தேவைப்பட்டது. அந்தத் தேவையில்தான் அது வேரூன்றியது. இங்கிலாந்தில் அந்த கம்பெனி மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரில் புல்லட் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. இன்று ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் செய்கிறார்கள். ஊர்ப் பக்கங்களில் அது இன்ஸ்பெக்டர் வண்டி, பெரிய பண்ணையார் வண்டி, மில் முதலாளி வண்டி. டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள் சத்தத்தை வைத்தே வருவது யாரென்று சொல்வார்கள். அதை எட்ட நின்று பார்த்துவிட்டு, சைக்கிளை மிதித்து வேலைக்குப் போன ஒருவரின் பிள்ளை இன்று மாதம் அறுபதாயிரம் சம்பாதிக்கும்போது புல்லட்டை நினைப்பது இயல்பு. அந்த நினைப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. அப்பாவை எட்ட நிற்கவைத்த ஒன்றை அவர் வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்துகிறோம் என்ற நியாயம்.

அந்த நியாயத்துக்குக் குறுக்கே நிற்பது அப்பாவின் முழங்கால்.

195 கிலோ

இப்போது வரும் புல்லட் 350-ன் எடை 195 கிலோ. சீட் உயரம் 805 மில்லிமீட்டர். ஒப்பிட்டுப் பார்க்க, நூறு சிசி வண்டியான ஸ்பிளெண்டர் பிளஸ் 112 கிலோ, 785 மில்லிமீட்டர். எடையில் வித்தியாசம் மட்டும் 83 கிலோ. ஒரு நெல் மூட்டைக்கும் மேலே. ஓடும்போது இந்த எடை தெரியாது. தெரியும் இடங்கள் வேறு: ரேஷன் கடை வாசல் மணலில் பின்னால் தள்ளும்போது, வீட்டுச் சரிவில் ஏற்றும்போது, சிக்னலில் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதைக் காலால் தாங்கும்போது, சென்டர் ஸ்டாண்டு போடும்போது. அறுபத்தைந்து வயதில் ஒருவர் வேகமாகப் போய்த்தான் விழுவார் என்பதில்லை. நின்றுகொண்டிருக்கும்போதே விழுவார்கள். இடுப்பு எலும்பு முறிவது அப்படித்தான்.

ஆகவே ரகசியமாக வாங்குவதை விட்டுவிடுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். அப்பாவைக் கையோடு கூட்டிப்போங்கள். வியப்பில் ஆழ்த்துவதால் கிடைப்பது ஒரு நிமிட வீடியோ. கூட்டிப்போனால் கிடைப்பது அவர் ஓட்டக்கூடிய வண்டி.

என் அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்காலம் முழுக்க ஒரு எக்ஸெல் சூப்பரில், கயிறும் கட்டிங் பிளையரும் தொங்கப் போய்வந்தவர். தம்பியும் நானும் காசு சேர்த்து அவருக்கு வண்டி எடுக்கப் போனபோது புல்லட்டைத்தான் மனதில் வைத்திருந்தோம். அப்பா எங்களை எதுவும் கேட்கவில்லை. ஷோரூமில் நின்ற ஒவ்வொரு வண்டியாகப் போய் அவருக்குத் தெரிந்த முறையில் பார்த்தார். முதலில் செருப்பைக் கழற்றினார். ஏறி உட்கார்ந்து இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிகிறதா என்று பார்த்தார். நுனிக்கால் மட்டும் பட்டால் இறங்கிவிட்டார். கிளட்ச்சை நாலு விரலாலும் பிடித்தார், பிறகு இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். லைன் வேலையில் விரல் மூட்டுகள் தேய்ந்த கை அது. சைடு ஸ்டாண்டை எடுத்துவிட்டு, வண்டியில் உட்கார்ந்தபடியே பின்னால் பத்தடி தள்ளினார். கடைசியாக இறங்கி நின்று சென்டர் ஸ்டாண்டு போட்டார். புல்லட்டை ஒருமுறை போட முடிந்தது. இரண்டாவது முறை போடும்போது மூச்சு வாங்கியது. டேங்க்கை ஒரு தடவை தடவிக் கொடுத்துவிட்டு ஸ்பிளெண்டர் பக்கம் போய்விட்டார். விற்பனைப் பையனிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி: "இதுக்குப் பின்னாடி கேரியர் வெச்சுத் தருவீங்களா?"

அந்தப் பத்து நிமிடம் எந்த விளம்பரமும் சொல்லாததைச் சொல்லியது. யாருக்கு வண்டி எடுத்தாலும் இந்தச் சோதனையைச் செய்துபாருங்கள். காலில் செருப்பு இல்லாமல், வேட்டி கட்டுகிறவராக இருந்தால் வேட்டியோடு.

புல்லட்டே பொருந்துகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே சிக்கல் வேறு மாதிரி வரும். தேனிப் பக்கம் ஒரு ஓய்வுபெற்ற தலைமைக் காவலர்; ஸ்டேஷன் புல்லட்டை ஆண்டுக்கணக்கில் ஓட்டியவர். மகன் புது புல்லட் எடுத்துக் கொடுத்தார். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. இன்றைய புல்லட்டில் எல்லாம் தலைகீழ்: கியர் இடது பக்கம், பிரேக் வலது பக்கம், முதல் கியர் கீழே, மீதி நான்கும் மேலே. நாய் குறுக்கே பாய்ந்தால் மூளை யோசிப்பதற்கு முன் கால் முந்திக்கொள்ளும். அவர் இடது கால் பிரேக் என்று நினைத்து மிதிப்பது கியரை. வண்டி நிற்பதற்குப் பதில் ஒரு கியர் இறங்கி உதறும். இதை முதல் நாளே புரிந்துகொண்டவர், சாலைக்கு வரவில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் விடிகாலையில் தனியாக ஓட்டி, இடது காலை மறக்கடித்து, வலது காலைப் பழக்கிய பிறகுதான் பெரியகுளம் ரோட்டுக்கு வந்தார். அவருடைய அனுபவமே அவருக்கு எதிராக நின்றது. அதை அவரே கண்டுகொண்டார்.

ஸ்பிளெண்டரே ஓட்டிப் பழகிய அப்பாவுக்கு புல்லட் கொடுத்தாலும் இதே கதைதான். ஸ்பிளெண்டரில் முன்னங்காலால் அழுத்த அழுத்தக் கியர் ஏறும். புல்லட்டில் முன்னங்காலால் அழுத்தினால் இறங்கும். மூன்றிலிருந்து நாலுக்குப் போகிறேன் என்று அழுத்தினால் இரண்டுக்கு வந்து வண்டி இழுபடும். பின்னால் அம்மா உட்கார்ந்திருப்பார். ஷோரூம்காரர்கள் இதையெல்லாம் சொல்ல மாட்டார்கள். பிள்ளைகள்தான் சொல்ல வேண்டும், கூட நின்று பழக்க வேண்டும்.

புது வண்டிகளில் பெரியவர்களுக்கு அனுகூலமும் உண்டு. பழைய புல்லட்டை உதைத்துக் கிளப்புவது ஒரு வித்தை. இடதுகைப் பக்கம் இருக்கும் டீகம்ப்ரஷன் லிவரை இழுத்து, ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, லிவரை விட்டு, ஒரே மூச்சில் உதைக்க வேண்டும். தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும், கெண்டைக்கால் வீங்கும். 2023 செப்டம்பரில் வந்த புது புல்லட்டில் கிக்கரே கிடையாது, பொத்தான்தான். இதைக் குறையாகச் சொல்லும் பழையவர்கள் உண்டு, அவர்கள் மனசு எனக்குப் புரிகிறது. மூட்டுவலி உள்ளவருக்கு இது வரம். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் ஏபிஎஸ் கட்டாயம் ஆனது. மழையில் நனைந்த தார்ச்சாலையில் பதறிப்போய் பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாது. பதறிப் பிடிக்கும் வயதில் இதைவிடப் பெரிய உதவி இல்லை.

ஹெல்மெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வண்டியோடு கொடுக்கும் ஹெல்மெட்டை அப்படியே அப்பா தலையில் வைத்துவிடாதீர்கள். கண்ணாடி போடுகிறவரா, காது மெஷின் வைக்கிறவரா என்று பார்த்து, அவர் தலைக்குப் போட்டுப் பார்த்து, ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதாகத் தனியாக வாங்குங்கள். பொருந்தாத ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல்தான் பயணம் செய்யும்.

ஆர்.சி.யில் யார் பெயர்?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் உள்ளவர்கள் இதைப் படித்தால் போதும்.

அப்பாவுக்கென்று எடுக்கும் வண்டிகள் பல மகன் பெயரில் பதிவாவதற்குக் காரணம் கடன். வண்டிக் கடன் யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில்தான் பொதுவாக ஆர்.சி. வரும், அதில் கடன் கொடுத்தவரின் அடமானக் குறிப்பும் இருக்கும். ஓய்வுபெற்ற அப்பாவுக்குக் கடன் கொடுக்க வயதைக் காட்டித் தயங்குவார்கள். சம்பளச் சீட்டு மகனிடம் இருக்கிறது. எனவே எல்லாம் மகன் பெயருக்குப் போகிறது. "என் பேர்ல இருந்தா என்ன, அப்பா பேர்ல இருந்தா என்ன, எல்லாம் ஒரே வீடுதானே" என்று விட்டுவிடுகிறோம்.

ஒரே வீடுதான். காப்பீட்டுக்கு அது ஒரே வீடு அல்ல.

புது வண்டி எடுக்கும்போது கட்டுகிற இன்ஷூரன்ஸில் மூன்று துண்டுகள் இருக்கின்றன. மூன்றாம் நபர் காப்பீடு, 2018 செப்டம்பரிலிருந்து புது இருசக்கர வாகனத்துக்கு ஐந்தாண்டுக்குச் சேர்த்துக் கட்ட வேண்டியது. நாம் மோதி அடிபட்டவருக்கானது அது. வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கானது இன்னொன்று. மூன்றாவதுதான் ஓட்டுகிறவருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு, 15 லட்சம் ரூபாய். இந்த 15 லட்சம், பாலிசியின் வாசகப்படி, ஓட்டிய எல்லாருக்கும் உரியதல்ல. ஆர்.சி.யிலும் பாலிசியிலும் பெயர் உள்ள உரிமையாளருக்கு, அவரிடம் செல்லத்தக்க லைசென்ஸ் இருந்தால் உரியது. வண்டி மகன் பெயரில் இருந்து, அப்பா ஓட்டிப்போய், யாரும் மோதாமல் தானாகச் சறுக்கி விழுந்தால், அந்தக் காப்பீடு அப்பாவுக்கு வந்துசேரும் என்று நம்பி இருக்க முடியாது.

2009-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். கர்நாடகத்தில் ஒருவர் ஹீரோ ஹோண்டா ஒன்றை அதன் உரிமையாளரிடம் இரவல் வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்குப் போகிறார். முன்னால் இரும்புத் தகடு ஏற்றிச் சென்ற மாட்டு வண்டி திடீரென்று நிற்க, அதில் மோதி இறந்துபோகிறார். மனைவி இழப்பீடு கேட்கிறார். இரவல் வாங்கி ஓட்டுகிறவர் உரிமையாளரின் இடத்தில் நிற்பவர்; எனவே மோட்டார் வாகனச் சட்டத்தில் அப்போது இருந்த 163-ஏ பிரிவின்கீழ் அந்த வண்டியின் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் இழப்பீடு கேட்க முடியாது என்றது நீதிமன்றம். மகன் பெயரிலுள்ள வண்டியை ஓட்டும் அப்பாவும் சட்டத்தின் கண்ணில் அப்படி ஒரு இரவல்காரர்தான். நாம் ஆசையோடு கொடுத்த வண்டியில் அவரை இரவல்காரராக்கி அனுப்பலாமா?

வழி இருக்கிறது. கையில் பணம் சேர்த்து எடுத்தால் நேரே அப்பா பெயரில் பதிந்துவிடலாம். கடன்தான் என்றால், வண்டிக் கடனை விட்டுவிட்டுத் தனிநபர் கடன் எடுத்துப் பணமாகக் கட்டலாம். வட்டி கூடுதல் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு. அப்பாவைக் கடன்தாரராகவும் மகனைக் கூட்டு விண்ணப்பதாரராகவும் சேர்க்க ஒப்புக்கொள்கிறார்களா என்று கேட்டுப் பார்க்கலாம். ஏற்கெனவே மகன் பெயரில் எடுத்தாகிவிட்டது என்றால், கடன் முடிந்ததும் அடமானத்தை நீக்கி, 29, 30 எண் படிவங்களைக் கொடுத்து அப்பா பெயருக்கு மாற்றிவிடலாம். அதுவரை அப்பாவுக்கென்று தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துவையுங்கள். பெயர் மாற்றும்போது இன்ஷூரன்ஸையும் மாற்ற வேண்டும், ஆர்.சி.யை மட்டும் மாற்றிவிட்டுப் பாலிசியை மறந்துவிடுகிறவர்கள் நிறைய. விபத்துக் காப்பீடு ஓராண்டுக்கு மட்டும் போடப்பட்டிருக்கலாம் என்பதால் அதன் கடைசித் தேதியைத் தனியாகப் பார்த்துக் குறித்துவையுங்கள்.

லைசென்ஸையும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல அப்பாக்களின் லைசென்ஸ் பீரோவுக்குள் பழைய புத்தக வடிவில் காலாவதியாகிக் கிடக்கிறது. மொபெட் ஓட்டியவர்களில் பலரிடம் இருப்பது கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸ் மட்டும். அதை வைத்துக்கொண்டு ஸ்பிளெண்டர் ஓட்டினால் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதுதான். காலாவதியாகி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். எட்டு போட வேண்டுமா என்று கூச்சப்படுவார்கள், கூடப் போங்கள். நாற்பது தாண்டியவர்களுக்கு 1-ஏ படிவத்தில் மருத்துவச் சான்று வேண்டும். 55 வயதுக்கு மேல் எடுத்தாலும் புதுப்பித்தாலும் ஐந்தாண்டுதான் செல்லும்.

அந்த மருத்துவச் சான்றைத் தெருமுனையில் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து அப்பா விஷயத்தில் அதைச் செய்யாதீர்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அவர் கண்ணையும் காதையும் சர்க்கரையையும் ஒழுங்காகப் பார்க்க அரசாங்கமே கொடுக்கும் வாய்ப்பு அது. கண்புரை முற்றியவருக்கு எதிரே வரும் விளக்கு வெளிச்சம் சிதறிக் கண்ணை மறைத்துவிடும்; அதை அவர் யாரிடமும் சொல்ல மாட்டார், சொன்னால் சாவியைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம். இருட்டிய பிறகு ஓட்ட வேண்டாம் என்று பிள்ளைகள் சொல்வதைவிட டாக்டர் சொல்வதை அப்பாக்கள் கேட்பார்கள்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது; புல்லட் 350 அந்த வரம்புக்குள் வருகிறது. தமிழ்நாட்டில் வாழ்நாள் வரி, வண்டி விலை ஒரு லட்சத்துக்குள் என்றால் 10 சதவீதம், மேலே போனால் 12 சதவீதம். விலையை அப்பாவிடம் குறைத்துச் சொல்கிறவர்கள் உண்டு. சொல்ல வேண்டாம் என்பது என் கருத்து. அவர் ஒவ்வொரு ரூபாயையும் எண்ணி வளர்த்தவர். டியூ எவ்வளவு, எத்தனை மாதம் என்று தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு. தெரிந்தால்தான் நிம்மதியாக ஓட்டுவார். "இது கட்டுப்படியாகாதுப்பா, நூறு சிசி எடுப்போம்" என்று அவர் சொன்னால், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

புது வண்டியே வேண்டாம், அப்பா விற்ற பழைய வண்டியைத் தேடிப்பிடித்துத் தருகிறேன் என்று கிளம்பும் பிள்ளைகளையும் பார்க்கிறேன். தங்கையின் கல்யாணத்துக்காக விற்ற யெஸ்டி, என் படிப்புக்காக விற்ற ஆர்எக்ஸ் 100 என்று ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கும். இதைவிட நெகிழ்ச்சியான பரிசு இருக்க முடியாது. செய்கிறவர்கள் ஆர்.சி.யும் இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஒத்துப்போகின்றனவா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சரிபார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பதினைந்து ஆண்டு தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பித்தாக வேண்டும். இந்த வண்டிகளைத் தெரிந்த மெக்கானிக்குகள் ஊருக்கு ஒருவரோ இருவரோதான் மிஞ்சியிருக்கிறார்கள். முதலில் அவரைப் பிடியுங்கள், பிறகு வண்டியைப் பிடியுங்கள்.

அம்மாவுக்கு

இத்தனை நேரம் அப்பாவைப் பற்றியே பேசினோம். வண்டிப் பரிசு என்றாலே அப்பா என்று நம் மனசு ஓடுவதால் வந்தது இது. அம்மாவை யாராவது கொண்டுபோய் விடுவார்கள் என்று வீடு முழுக்க நினைத்துக்கொள்கிறது. அந்த 'யாராவது' வரும்வரை அம்மா கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தங்கை வீட்டுக்கும் போகாமல் காத்திருக்கிறார்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அங்கே பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் சொல்லிக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கியவர்கள், முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பவும் தொடங்கினார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். அன்று இருபத்தைந்து வயதில் சைக்கிள் பழகியவர்கள் இன்று அறுபதை நெருங்குகிறார்கள். சமநிலை அவர்கள் உடம்பில் ஏற்கெனவே இருக்கிறது. கியர் இல்லாத ஸ்கூட்டர் ஒன்றும், பழகச் சில காலை நேரங்களும்தான் பாக்கி.

2018 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் கொடுத்தார்கள். வயது வரம்பு 18 முதல் 40. அறிவொளித் தலைமுறைக்கு அப்போதே அந்த வயது கடந்துவிட்டிருந்தது. அவர்களுக்கான மானியம் பிள்ளைகளின் சம்பளத்தில்தான் இருக்கிறது.

ஆலங்குடிப் பக்கம் ஒரு அம்மா. அறிவொளி நாட்களில் சைக்கிள் பழகியவர். மகளிர் சுய உதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவர். மகள் சென்னையில் நர்ஸ். "உனக்கு என்னம்மா வேணும்?" என்று மகள் கேட்டபோது தயங்காமல் ஸ்கூட்டர் என்றாராம். அம்மா பெயரிலேயே எடுத்தார்கள். எல்.எல்.ஆர். போட்டு, முப்பது நாள் காத்திருந்து, ஆர்.டி.ஓ. முன்னால் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கினார். சைக்கிளில் காலை ஊன்றி நிறுத்திப் பழகியவர் என்பதால் பிரேக்கை நம்பக் கற்றுக்கொள்ளத்தான் கொஞ்சம் நாள் பிடித்தது. புடவையில் ஓட்டுகிறவர், முந்தானையை இடுப்பில் செருகி ஒரு பின் குத்திக்கொண்டுதான் ஏறுகிறார். குழுவின் பாஸ் புத்தகங்களை டிக்கியில் போட்டுக்கொண்டு பேங்குக்கு அவரே போய்வருகிறார். முன்பு இரண்டு பஸ் மாறிப் போன வேலை. அவர் கணவருக்குச் சைக்கிளைத் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாது. சந்தைக்குப் போகும்போது பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வருகிறார்.

மகள் அடுத்த முறை ஊருக்கு வருவதாக போன் செய்தபோது அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "உங்க அப்பா தலைக்குச் சரியா ஒரு ஹெல்மெட் வாங்கிட்டு வா. என்னுதைப் போட்டுப் பார்த்தோம், பத்தலை."